வீட்டு ஹாலில் போர்ட்ரெய்ட்: இரண்டு ஸ்பீட்லைட்டை வைத்து ஒளியமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று நல்ல போர்ட்ரெய்ட் தேவைப்படும் நாளில் கையில் இருப்பது பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால்தான். பத்தடி உயரத்தில் கூரை, நடுவில் ஃபேன், சுவரில் வெளிர்பச்சையோ ரோஸோ, ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸ், கீழே பளபளக்கும் டைல்ஸ். ஸ்டுடியோவில் ஃபிளாஷிலிருந்து சிதறும் ஒளி தூரத்துச் சுவர்களை எட்டுவதற்குள் மங்கிவிடும். வீட்டிலோ மூன்றடி தள்ளி நிற்கும் சுவரில் பட்டு, அந்தச் சுவரின் நிறத்தையும் சேர்த்துக்கொண்டு முகத்துக்கே திரும்பி வரும். வீட்டில் எடுத்த படங்கள் தட்டையாகவும் நிறம் கலங்கியும் இருப்பதற்கு ஃபிளாஷை விட இந்தச் சுவர்கள்தான் பெரும்பாலும் காரணம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதிலும் இரண்டு கேள்விகள் கூடவே வரும்: ஒளியை எங்கே வைப்பது, அது எங்கே போகாமல் தடுப்பது.

என்னென்ன வேண்டும்

மேனுவலில், அதாவது பவரை நாமே வைக்கும் முறையில், முழு பவரில் 1/128 பங்கு வரை இறங்கக்கூடிய ஸ்பீட்லைட் (கேமராவின் மேல் மாட்டும் சிறிய ஃபிளாஷ்) இரண்டு. ஃபிளாஷ் பவரைக் கேமராவே அளந்து வைக்கும் டிடிஎல் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. டிடிஎல் ஒவ்வொரு ஷாட்டுக்கும் புதிதாக அளக்கும். வெள்ளை வேட்டி ஃபிரேமில் நிறைய வந்தால் பவரைக் குறைக்கும், கரும்பச்சைப் பட்டு வந்தால் கூட்டும். ஆள் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு இது உபத்திரவம்தான். மேனுவலில் ஒரு முறை சரியாக வைத்துவிட்டால், ஆளோ விளக்கோ நகராத வரை எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும். கோடாக்ஸ் டிடி600 போன்ற மேனுவல் ஃபிளாஷில் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருப்பதால் கேமராவின் மேல் மாட்ட, ஃபிளாஷுக்கு எரியச் சொல்லி ரேடியோவில் சைகை அனுப்பும் ட்ரிகர் ஒன்று மட்டும் வாங்கினால் போதும். ட்ரிகர் உங்கள் கேமரா பிராண்டுக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். சோனியின் ஹாட் ஷூ (கேமராவின் மேல் ஃபிளாஷ் மாட்டும் இடம்) அமைப்பு கேனான், நிக்கானிலிருந்து வேறுபட்டது.

பேட்டரிக்கு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு டபுள் ஏ செல்கள், ஃபிளாஷ் ஒன்றுக்கு நான்கு, அதே அளவு மாற்று. சாதாரண ஆல்கலைன் செல் போட்டாலும் ஃபிளாஷ் எரியும். ஆனால் அதன் உள்தடை அதிகம் என்பதால் கொஞ்ச நேரத்திலேயே ஃபிளாஷ் திரும்பத் தயாராக அதிக விநாடி எடுக்கும். நல்ல சிரிப்பு வரும் கணத்தில் ஃபிளாஷ் தயாராகாமல் படம் கறுப்பாக விழும்.

ஒளியைப் பரப்ப 90 செ.மீ. எண்கோண சாஃப்ட்பாக்ஸ் ஒன்று. வெள்ளைக் குடை மலிவு, மடக்கவும் எளிது, அதில் வரும் ஒளியும் மென்மையானதே. ஆனால் குடை பாதி ஒளியைத் துணி வழியே முன்னால் அனுப்பும், மீதியைப் பின்னால் இருக்கும் சுவர் மீதும் கூரை மீதும் அடித்துவிடும். சின்ன அறைக்கு சாஃப்ட்பாக்ஸ்தான் எங்கள் தேர்வு. அதை ஸ்டாண்டில் மாட்ட எஸ் டைப் பிராக்கெட் வாங்குங்கள். அது ஃபிளாஷின் தலையைப் பிடித்துக்கொள்வதால் எடை முழுவதும் பிளாஸ்டிக் அடிப்பாகத்தின் மேல் விழாது. ஸ்டாண்டின் ஒரு காலை சாஃப்ட்பாக்ஸ் சாயும் பக்கம் திருப்பி வைத்து, அந்தக் காலில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். குழந்தைகள் ஓடும் வீட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது.

மீதியெல்லாம் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மாகோல் ஷீட் நான்கு, கறுப்பு சார்ட் பேப்பர், பிரவுன் டேப், துணி கிளிப். இரண்டு தெர்மாகோலை நீளவாக்கில் டேப் ஒட்டிப் புத்தகம் போல் விரித்தால் தானாக நிற்கும் ரிஃப்ளெக்டர் தயார். ஒரு ஜோடியின் உட்பக்கத்தில் கறுப்பு சார்ட் ஒட்டிவிட்டால் அது ஒளியை விழுங்கும் பலகை. வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டும் வேண்டும்.

முதலில் அறை

ஆள் உட்காரும் இடத்துக்கும் பின்சுவருக்கும் இடையே குறைந்தது நாலரை அடி விடுங்கள். கேமராவுக்கும் முகத்துக்கும் ஆறடி. இதைவிட நெருங்கினால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். லென்ஸ் மாற்றினாலும் அது போகாது, ஏனென்றால் அந்தக் கோணல் தூரத்தால் வருவது. பன்னிரண்டு அடி நீளத்தில் நாலரையும் ஆறும் போனால் நீங்கள் நிற்க ஒன்றரை அடிதான் மிஞ்சும். ஆகவே பின்னணியாக வைக்கும் சுவருக்கு எதிரே ஒரு கதவு இருக்கும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். கதவைத் திறந்து அடுத்த அறைக்குள் நின்று எடுக்கலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ., ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு ஆறடியில் நிமிர்த்திப் பிடித்தால் தலையிலிருந்து மார்பு வரை ஃபிரேமில் வரும்.

ஷோகேஸ் கண்ணாடி, டிவி, சாமி பட ஃபிரேம், எனாமல் பெயின்ட் அடித்த கதவு ஆகிய நான்கும் ஃபிளாஷைத் திருப்பிக் காட்டும். பின்னணியில் இருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது ஆளின் முதுகு அவற்றை மறைக்கும்படி உட்காரவையுங்கள். படத்தைச் சுவரிலிருந்து கழற்ற முடியாவிட்டால் அதன் கீழ்ப்பக்கத்தில் மடித்த பேப்பரைச் செருகிச் சற்றே சாய்த்தால் பளிச்சிடல் வேறு பக்கம் போய்விடும்.

ஜன்னல் திரையை மூடி, மஞ்சள் பல்புகளை அணையுங்கள். ஆனால் எல்லா விளக்கையும் அணைத்துவிடாதீர்கள். கும்மிருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், ஆளின் கண்பாவையும் விரிந்து, கருவிழியின் பழுப்பு நிறம் தெரியாமல் போகும். கூரையில் ஒரு எல்இடி விளக்கு எரியட்டும். அடுத்து சொல்லும் செட்டிங்கில் அது படத்தில் விழாது.

ஃபேனை நிறுத்தியாக வேண்டும். முடி பறப்பதோடு, விரித்த சாஃப்ட்பாக்ஸைக் காற்று தள்ளவும் செய்யும். ஏசி இல்லாத வீட்டில் வியர்க்கும் என்பதால் பத்துப் படத்துக்கு ஒருமுறை ஃபேனைப் போட்டு இடைவேளை விடுங்கள். முகத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், துடைத்தால் பவுடர் திட்டுத் திட்டாகும்.

கேமரா செட்டிங், அதன் காரணம்

மேனுவல் மோட், ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200, வொய்ட் பேலன்ஸ் ஃபிளாஷ் குறி அல்லது 5500 கெல்வின், கோப்பு வகை ரா (RAW).

ஃபிளாஷ் எரிவது கண்ணிமைப்பதை விடக் குறைந்த நேரம். முழு பவரில் விநாடியில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு, குறைந்த பவரில் அதையும்விடப் பல மடங்கு குறைவு. அவ்வளவு நேரமும் ஷட்டர் திறந்திருப்பதால், ஷட்டரை 1/160லிருந்து 1/60க்கு இறக்கினாலும் ஃபிளாஷ் ஒளி மாறாது. அறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்தான் கூடும். ஃபிளாஷின் அளவை மாற்றுவது அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃபிளாஷ் பவர், ஃபிளாஷின் தூரம் என்ற நான்கு மட்டுமே. இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான்.

ஷட்டர் வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் திறந்திருப்பதில்லை, படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாக விழும். ரேடியோ ட்ரிகர் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்பதால் 1/160 பாதுகாப்பானது. இந்த வரம்பைத் தாண்டியும் ஃபிளாஷைப் பயன்படுத்த உதவும் ஹைஸ்பீட் சிங்க் வீட்டுக்குள் தேவைப்படாது, பவரையும் தின்னும்.

இப்போது ஃபிளாஷை எரியவிடாமல் ஒரு படம் எடுங்கள். அது ஏறக்குறைய முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து மூடுங்கள். இதைத் தாண்டிப் போனால் பிறகு நிறத்தில் தகராறு வரும். ஃபிளாஷ் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700, வெள்ளை எல்இடி 6500. மூன்றும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த வொய்ட் பேலன்ஸும் சரிக்கட்டாது.

முதல் விளக்கு

முதலில் ஒரு விளக்கை மட்டும் வையுங்கள். இது சரியாகும்வரை இரண்டாவது ஃபிளாஷைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

1. சாஃப்ட்பாக்ஸை ஆளுக்கு முன்னால், மூக்கு நோக்கும் நேர்கோட்டிலிருந்து 45 பாகை பக்கவாட்டில், முகத்திலிருந்து நாலடி தூரத்தில் நிறுத்துங்கள். அறையின் எந்தப் பக்கம் அகலமோ அந்தப் பக்கம். சுவரை ஒட்டி வைத்தால் சாஃப்ட்பாக்ஸ் அந்தச் சுவரையும் விளக்காக்கிவிடும்.

2. அதன் கீழ்விளிம்பு ஆளின் தாடை உயரத்துக்கு வரும்வரை ஏற்றி, முகத்தை நோக்கிச் சாயுங்கள். ஒரு படம் எடுத்து, கேமரா திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடிகார முகப்பில் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கும் இடத்தில் விளக்கின் பிம்பமாக வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் விளக்கு அளவுக்கு மீறி உயரம். கண்குழியும் இருண்டிருக்கும்.

3. ஃபிளாஷின் ஜூமை 24 அல்லது 35 மி.மீ.க்கு வைத்து, பவரை 1/8க்குக் கொண்டுவாருங்கள். ஜூம் 105, 200 என்று இருந்தால் சாஃப்ட்பாக்ஸின் நடுப்பகுதி மட்டும் ஒளிரும், 90 செ.மீ. வாங்கியதற்கே பலன் இருக்காது.

4. ஆளின் முகத்தருகே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிக்கச் சொல்லி எடுங்கள். கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டிருந்தால், ஒளி மிகும் இடம் கறுப்பு வெள்ளையாக மின்னும். கைக்குட்டை மின்னும்வரை பவரை ஏற்றி, மின்னுவது நிற்கும்வரை மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும், கூடினால் இரண்டு மடங்காகும்). அதுதான் உங்கள் எக்ஸ்போஷர்.

5. கடைசியாக சாஃப்ட்பாக்ஸை மெல்ல கேமரா பக்கம் திருப்புங்கள். அதன் மையம் முகத்தை நேராகப் பார்க்காமல் முகத்துக்கு முன்னால் ஓர் அடி தள்ளிப் போகட்டும். முகத்தில் விழுவது இப்போது ஓரத்து ஒளி. அது மென்மையானது, பின்சுவருக்கும் குறைவாகப் போகும். அரை ஸ்டாப் குறைந்திருக்கும், பவரை அந்த அளவு கூட்டிக்கொள்ளுங்கள்.

நிழல் பக்கம்

இப்போது முகத்தின் மறுபக்கம் இருண்டிருக்கும். வெள்ளைத் தெர்மாகோலை நிழல் பக்கம் இரண்டடி தூரத்தில் வைத்துப் பாருங்கள், கன்னம் மெல்ல எழும். ஓர் அடிக்கு நெருக்கினால் இன்னும் எழும். இந்த வேலைக்கு இரண்டாவது ஃபிளாஷ் தேவையில்லை. ஃபிளாஷ் வைத்து நிழலை நிரப்பினால் கண்ணில் இரண்டு வெள்ளைப் புள்ளியும் மூக்கின் இரு பக்கமும் நிழலும் வரும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று படும்.

தெர்மாகோல் வைக்காமலே நிழல் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதா? அது சுவரின் வேலை. தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் கவனியுங்கள். சுவரின் பச்சை அங்கேதான் முதலில் தெரியும். கறுப்புப் பலகையை அந்தப் பக்கம் நிறுத்துங்கள், பச்சை போய்விடும். பிறகு எவ்வளவு நிரப்பல் வேண்டுமோ அதற்கு வெள்ளைப் பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை என்ற இந்த வரிசை வீட்டுச் சூழலுக்கே உரியது. ஸ்டுடியோவைப் பார்த்துக் கற்றவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

பின்சுவரின் நிறம் தூரத்தில் இருக்கிறது

தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகும். இந்த ஒரு விதியை வைத்து வெள்ளைச் சுவரைச் சாம்பலாகவும் ஏறக்குறைய கறுப்பாகவும் மாற்றலாம். விளக்கிலிருந்து முகம் நாலடி, சுவர் ஏறக்குறைய ஒன்பதடி என்று வையுங்கள். சுவரில் விழும் ஒளி முகத்தில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்குதான், அதாவது இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாகக் குறைவு. வெள்ளைச் சுவர் சாம்பலாகும். விளக்கை இரண்டடிக்கு நெருக்கினால் சுவர் ஏழடி. இப்போது பன்னிரண்டில் ஒரு பங்கு, மூன்றரை ஸ்டாப் குறைவு, சுவர் கரும்சாம்பல். நெருக்கும்போது முகத்தில் ஒளி நான்கு மடங்காகும் என்பதால் பவரை 1/8லிருந்து 1/32க்கு இறக்க வேண்டும். கூடுதல் லாபமாக, விளக்கு முகத்துக்கு இன்னும் பெரிதாகிவிடுவதால் நிழல் மேலும் மென்மையாகும், பேட்டரியும் மிஞ்சும்.

ரோஸ் சுவரை மறைக்கத் துணி தேடுபவர்கள் இதை முதலில் செய்து பாருங்கள். மூன்றரை ஸ்டாப் இருட்டில் ரோஸ் மங்கிய காவியாகிவிடும், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவர் வெளிச்சமாகத்தான் வேண்டும் என்றால் இரண்டாவது ஃபிளாஷை ஆளுக்குப் பின்னால் தரையில் வைத்து, மூன்றடி தூரத்தில் சுவரை நோக்கி 1/64ல் தொடங்குங்கள். அதன் வெளிச்சம் ஆளின் தோளில் விழாதபடி பின்பக்கம் ஒரு சார்ட் பேப்பரை மடித்து நிறுத்துங்கள்.

முடிக்கு ஒரு கோடு

கருங்கூந்தல் இருண்ட சுவரோடு கரைந்துவிடும். இரண்டாவது ஃபிளாஷுக்கு எங்கள் கணிப்பில் சிறந்த வேலை இதுதான். சாஃப்ட்பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம், ஆளுக்குப் பின்னால், ஐந்தடி தள்ளி, தலைக்கு இரண்டடி மேலே உயர்த்தி, கழுத்தின் பின்புறத்தை நோக்கிச் சாயுங்கள். ஜூம் 105, பவர் 1/32. ஒளி சிதறாமல் இருக்க ஃபிளாஷ் தலையில் கிரிட் (ஒளியைக் குறுக்கும் தேன்கூடு போன்ற தட்டி) மாட்டுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு சார்ட்டை ஃபிளாஷ் தலையைச் சுற்றி எட்டு அங்குலம் நீளும்படி குழாயாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். சார்ட் ஃபிளாஷின் முன்கண்ணாடியைத் தொடக்கூடாது, அது சூடாகும்.

மூக்கு நுனியிலோ கன்னத்திலோ தனியாக ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இந்த விளக்கு முன்பக்கம் எட்டிப்பார்க்கிறது என்று பொருள். ஸ்டாண்டை இன்னும் பின்னால் தள்ளுங்கள். படம் முழுவதும் வெளுத்தால் ஒளி லென்ஸுக்குள் நேராக வருகிறது, கேமரா பக்கம் ஒரு சார்ட்டை கிளிப் போட்டு மறையுங்கள். மல்லிகைப் பூ வைத்திருந்தால் பவரைப் பாதியாக்க வேண்டும். முடிக்குச் சரியாக இருக்கும் ஒளியில் பூவின் இதழ் தெரியாமல் வெள்ளைத் திட்டாகிவிடும்.

பட்டு, தங்கம், வைரம், மூக்குக்கண்ணாடி

தங்கமும் ஜரிகையும் கண்ணாடி போன்றவை. தம் எதிரே என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். எதிரே பெரிய வெள்ளைப் பரப்பு இருந்தால் தங்கம் நிறையத் தெரியும், சின்ன ஃபிளாஷ் இருந்தால் ஒரு வெள்ளைப் புள்ளியும் மீதி கறுப்புமாகத் தெரியும். ஆரம், ஒட்டியாணம் போட்டிருந்தால் இடுப்புயரத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோலை முன்னால் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கறுத்துக் கிடந்த நகை அப்படியே மஞ்சளாக எழும். வைர மூக்குத்திக்கும் தோட்டுக்கும் இது நேர்மாறு. அவை மின்ன சின்ன, கூர்மையான ஒளி வேண்டும், அதைப் பின்னாலிருந்து முடிக்கு வைத்த விளக்கு கொடுக்கும்.

ஜரிகைக் கரையில் ஒளி மிகுந்து மின்னினால் பவரைக் குறைக்காதீர்கள், முகமும் சேர்ந்து இருண்டுவிடும். முந்தானை மடிப்பை இரண்டு விரல் அளவு திருப்பினால் போதும். பட்டும் ஜரிகையும் ஒளியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் திருப்பி அடிக்கும்.

மூக்குக்கண்ணாடியில் சாஃப்ட்பாக்ஸ் தெரிந்தால் விளக்கை இன்னும் அரையடி ஏற்றுங்கள். போதாவிட்டால் கண்ணாடியின் கைகளைக் காதுக்கு மேல் கால் அங்குலம் தூக்கிவிடுங்கள். கண்ணாடிச்சில் கீழ்நோக்கிச் சாயும், பிம்பம் கேமராவுக்கு வராது.

தோலின் நிறம் உள்ளபடி வர வேண்டும்

மாநிறத்தவரையும் கறுத்த மேனி உடையவரையும் எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஏற்றி வெளுக்க வைக்கும் பழக்கம் நம் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. அது அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை, ஒளியமைப்பாகவும் தவறு. வெளிர்தோலில் முகத்தின் வடிவத்தை நிழல் சொல்கிறது. கறுத்த தோலில் அதைவிட அதிகமாக மினுமினுப்பு சொல்கிறது. நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்கின் முதுகு ஆகியவற்றில் அகலமான மென்மையான பளபளப்பு விழுந்தால் முகம் உயிரோடு எழும். அதற்குப் பவர் தேவையில்லை, பெரிய விளக்கை நெருக்கமாகவும் இன்னும் பக்கவாட்டாகவும், அறுபது பாகை வரை, கொண்டுபோனால் போதும். எண்ணெய்ப் பிசுக்கை ஒற்றி எடுங்கள், ஆனால் பவுடரால் எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள். வெண்கைக்குட்டை வைத்து எடுத்த எக்ஸ்போஷர் இங்கேயும் அப்படியே செல்லும். வெள்ளை வெள்ளையாகவும் தோல் தோலாகவும் விழும். பக்கத்தில் வெளுத்த நிறத்தவர் உட்கார்ந்திருந்தால் விளக்கைக் கறுத்தவர் பக்கம் வையுங்கள். தூரமே இருவரையும் சமன்படுத்தும்.

வேட்டியால் ஒரு ஜன்னல்

90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் தலைக்கும் மார்புக்கும் போதும். உட்கார்ந்திருக்கும் முழு உருவத்துக்குப் போதாது. முகம் வெளிச்சமாகவும் பாதம் இருட்டாகவும் இருக்கும். கடையில் பெரிய சாஃப்ட்பாக்ஸ் தேடுவதற்குப் பதிலாக நாலு முழ ஒற்றை வேட்டி ஒன்றை எடுங்கள். இரண்டு ஸ்டாண்டுகளுக்கு இடையில் பிவிசி பைப் கட்டி, அதில் வேட்டியை நெடுக்காகத் தொங்கவிட்டு, கீழே கிளிப்பில் கனம் கட்டிச் சுருக்கமில்லாமல் இழுங்கள். கரை ஒரு ஓரத்தில் நிற்கும், அதனால் பாதகமில்லை. வேட்டிக்குப் பின்னால் மூன்றரை அடி தள்ளி ஃபிளாஷை வைத்து, ஜூம் 24ல், 1/2 பவரில் தொடங்குங்கள். ஆள் மறுபக்கம் மூன்றடியில். ஆளுயர ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தது போன்ற ஒளி கிடைக்கும்.

வேட்டி புதிதாகவோ நீலம் போடாமல் துவைத்ததாகவோ இருக்க வேண்டும். நீலம் போட்ட துணி வழியே வரும் ஒளியில் நீலம் கலந்திருக்கும். வேறு வழியில்லை என்றால் ஆள் கையில் ஒரு கிரே கார்டு (நிறக் கலப்பில்லாத சாம்பல் அட்டை) கொடுத்து முதல் படத்தை எடுத்து, அதை வைத்து கணினியில் வொய்ட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். ஒளி துணியில் பட்டு உங்கள் பக்கமும் திரும்பும் என்பதால் ஃபிளாஷுக்குப் பின்னால் இருக்கும் நிறச் சுவரைப் போர்வையால் மூடுங்கள். 1/2 பவரில் ஃபிளாஷ் தலை சீக்கிரம் சூடாகும். படத்துக்குப் படம் நாலைந்து விநாடி விடுங்கள், துணியைத் தலைக்கு நெருக்காதீர்கள்.

ஐந்தாறு பேர் சேர்ந்து

குடும்பப் படத்தில் சிக்கல், விளக்குக்குப் பக்கத்தில் இருப்பவர் வெளுப்பதும் கடைசியில் இருப்பவர் இருள்வதும். மூன்றடியில் ஒருவர், ஆறடியில் ஒருவர் என்றால் இருவருக்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். அதே மூன்றடி இடைவெளி பத்தடியிலும் பதின்மூன்றடியிலும் இருந்தால் முக்கால் ஸ்டாப்தான். ஆகவே விளக்கு தூரம் போக வேண்டும், அறையோ சின்னது. வழி: கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சுவரும் கூரையும் சேரும் மூலையை நோக்கி இரண்டு ஃபிளாஷையும் வெறும் தலையோடு திருப்புங்கள். சுவர் வெள்ளையாக இல்லாவிட்டால் அந்த இடத்தில் வெள்ளைப் பெட்ஷீட் கட்டுங்கள். 1/2 பவர், எஃப் 8, ஐஎஸ்ஓ 400. நேராக மேலே கூரையில் மட்டும் அடித்தால் எல்லோர் கண்ணும் குழிவிழுந்து தெரியும். ஃபேனின் இறக்கை ஒளியின் பாதையில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பழுப்பு இறக்கை அங்கே நின்றால் ஒளியும் குறையும், நிறமும் கெடும்.

பின்வரிசையும் முன்வரிசையும் ஒட்டி நிற்கட்டும். ஃபோகஸ் முன்வரிசை நடுவில் இருப்பவர் கண்ணில். கைக்குழந்தை இருந்தால் இந்தத் திருப்பி அடிக்கும் முறையை மட்டும் பயன்படுத்துங்கள். வெறும் ஃபிளாஷை நெருக்கத்தில் குழந்தை முகத்துக்கு நேரே காட்டக் கூடாது.

குத்துவிளக்கோடு ஒரு படம்

மேலே சொன்ன செட்டிங்கில் விளக்குச் சுடர் உயிரில்லாத மஞ்சள் புள்ளியாக நிற்கும். சுடரின் ஒளி பித்தளையிலும் விரல்களிலும் தெரிய வேண்டும் என்றால் ஷட்டரை இறக்க வேண்டும். ட்ரைபாடில் வைத்து 1/15, எஃப் 4, ஐஎஸ்ஓ 400. கூரை விளக்கை இப்போது அணைத்துவிடுங்கள். சாஃப்ட்பாக்ஸுக்குள் இருக்கும் ஃபிளாஷில் முழு சிடிஓ ஜெல் (ஒளியைச் செம்மஞ்சளாக்கும் நிறத்தாள்) ஒட்டுங்கள். அது 5500 கெல்வினை ஏறத்தாழ 3200க்குக் கொண்டுவரும். கேமராவின் வொய்ட் பேலன்ஸை 3800ல் வைத்தால் முகம் இதமான மஞ்சளிலும் சுடர் அதைவிடச் செம்மஞ்சளிலும் வரும். ஜெல் இல்லாமல் எடுத்தால் முகம் நீல வெள்ளையாகவும் விளக்கு மட்டும் மஞ்சளாகவும் ஒட்டுப்போட்டது போல் நிற்கும். பவர் 1/64 அளவு போதும். திரி ஏற்றும் கை அசையும் என்பதால், எண்ணிக்கை சொல்லி ஒரு கணம் நிறுத்தச் சொல்லுங்கள். பட்டு முந்தானையும் தெர்மாகோலும் சுடரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும்.

வேலை நடுவில் நின்றால்

ஃபிளாஷ் எரியவே இல்லை: ட்ரிகரிலும் ஃபிளாஷிலும் சேனல் எண்ணும் குரூப் எழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். மிரர்லெஸ் கேமராவில் சைலண்ட் ஷட்டர் போட்டிருந்தால் பெரும்பாலான மாடல்களில் ஃபிளாஷ் எரியாது. சில நிமிடம் சும்மா இருந்தால் ஃபிளாஷ் தானாகத் தூங்கிவிடும், மெனுவில் அதை நிறுத்திவைக்கலாம்.

வியூஃபைண்டர் இருட்டாக இருக்கிறது: மிரர்லெஸ் கேமரா உங்கள் செட்டிங்கில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எப்படி விழுமோ அதையே காட்டுகிறது. எக்ஸ்போஷர் பிரிவ்யூவை அணையுங்கள்.

ஒரு படம் சரி, அடுத்தது இருட்டு: ஃபிளாஷ் முழுதாகத் தயாராகும் முன் எடுக்கிறீர்கள். பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்தபின் எடுங்கள். அது ஐந்து விநாடிக்கு மேல் இழுத்தால் செல்லை மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பாதி தீர்ந்ததும் புதியதும் கலந்தால் பழையது அளவுக்கு மீறி இறங்கிக் கெட்டுவிடும்.

ஆளைச் சுற்றி மங்கலான இரண்டாவது உருவம்: அறை வெளிச்சம் உள்ளே வருகிறது. ஷட்டரை 1/160க்குத் திருப்புங்கள், திரையைச் சரிபாருங்கள். குத்துவிளக்குப் படம் முடிந்ததும் ஷட்டரையும் வொய்ட் பேலன்ஸையும் பழையபடி மாற்ற மறப்பதால்தான் இது அதிகம் நேர்கிறது. ஃபிளாஷில் ஒட்டிய ஜெல்லையும் அப்போதே உரித்துவிடுங்கள்.